கடைசி வளைவில் பிரேக்

பூங்கோதை சைக்கிள் ஓட்டும்போது முகத்தில் அணியும் திரைக்கண்ணாடியில், பதிவான உருவமாக, ஞாயிறுதோறும் அறிவழகன் ஏற்காடு மலை ஏறுவான். அவள் கணவன், இறந்து இரண்டு வருடம். கண்ணாடி ஒரு மலைக்கு ஓர் உருவத்தைத்தான் வைத்திருக்கும்: அதை அணிந்த வீட்டாரில் மிக வேகமாக ஏறியவரின் உருவம். யாராவது முந்திவிட்டால் பழையது அழிந்து, முந்தியவர் அங்கே வந்துவிடுவார்.

அதனால் கடைசி வளைவில் அவள் வேண்டுமென்றே பிரேக் பிடிப்பாள். அவன் எழுந்து நின்று மிதித்து, "வா கோதை, எட்டிப் பிடி!" என்று சிரித்தபடி உச்சிக்கல்லைத் தாண்டுவான். பிறகுதான் அவள் போவாள். அவள் கால்கள் எப்போதோ அவனை மிஞ்சிவிட்டன என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஞாயிறு, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த மோசஸ் பின்னால் வந்தான். ஏற்றத்தில் சோர்ந்தவரின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவது கிளப் வழக்கம்.

"என்னக்கா, முடியலையா? இவ்ளோ தூரம் வந்துட்டு இங்க போய் நிக்கலாமா?"

"மோசஸ், வேணாம், கைய எடு!"

"அட, சும்மா வாங்கக்கா!"

அந்தக் கை ஒரே மூச்சில் அவளைக் கல்லுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது. "வா கோதை" என்ற குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்து, பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்; சாலையில் அவன் இல்லை. மோசஸ் கைதட்டினான்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்னால் அவளே ஏறிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் யாரோ தள்ளியதுபோல் அந்த உருவம் முன்னே பாய்ந்தது. கல்லைத் தாண்டியதும் திரும்பி, அவளைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடியது.