பச்சை நூல் தையல்

"நாத்தனாருக்குப் பரிசு கிடைச்சிருக்கு. ஒரு சிரிப்புக்குக்கூடவா பஞ்சம்? எல்லாம் வயித்தெரிச்சல்!"

கண்காட்சி நடந்த வேங்கிக்கால் மண்டபத்து வாசலிலேயே மணியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் பொன்னி காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள். பொன்னி ஆட்டோவில் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

மகள் கவிநிலாவுக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வராதா பின்னே? ஓவியக் கல்லூரிக் கண்காட்சியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. பெயிண்டும் துணியும் கலந்து அவள் செய்த மலை. 'வேண்டுதல்' என்று பெயர் வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அண்ணி மட்டும் படத்தின் கீழ் மூலையை ஒரு விரலால் தொட்டாள், சட்டென்று கையை எடுத்தாள், விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

அந்தப் பரிசு என்ன சும்மாவா வந்தது? வருஷம் பூரா மல்லாடியிருக்கிறாள். முதல் படத்தில் பசை ஜாஸ்தியாகித் துணி சுருங்கிப்போனது. அடுத்ததில் பெயிண்ட் ஊறி மலையே வழிந்துவிட்டது. அதற்கடுத்ததைப் பார்த்து ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ராமதாஸ் சார் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒட்டினதெல்லாம் சரிம்மா. ஆனா கடைத்துணி கடைத்துணியாத்தான் தெரியுது. வெயில்ல மழையில அடிபட்ட துணியா பாரு."

அப்படி ஒன்று அடி அண்ணாமலைப் பக்கம் கிடைத்தது. கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மரம். கிளையில் யாரோ முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போன துணி. மாம்பழ மஞ்சள் வெளுத்து, அவள் தேடின நிறத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

எடுக்கலாமா? யாரோ எப்பவோ கட்டினதுதானே, வேண்டினது இந்நேரம் பலிச்சிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவிழ்த்தாள். உள்ளே இருந்த சின்னக் கல்லைத் தூக்கி எறிந்தாள்.

அந்தத் துணியில் எலி கடித்த பொத்தல் ஒன்றைப் பச்சை நூலால் இழை இழையாகத் தைத்திருந்தார்கள். அதன்மேல் மட்டும் பெயிண்ட் படாமல் விட்டாள்.

"படத்துக்கு உயிரே இந்தப் பச்சைத் தையல்தாம்மா!" என்று சார் அசந்துபோனார்.

இவ்வளவு பேர் பாராட்டியும் அண்ணி ஒருத்தி சொல்லாததுதான் முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கவிநிலா மொட்டை மாடிக்குப் போனாள். பொன்னி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, எனக்குப் பரிசு கிடைச்சது உங்களுக்குப் புடிக்கலையா?"

"சீச்சீ, என்ன கவி பேசற?"

"பின்ன ஏன் ஓடுற மாதிரி போனீங்க? அம்மா சொல்றது சரிதானா?"

பொன்னி ஒரு மஞ்சள் புடவையைக் கொடியிலிருந்து இழுத்தாள். கோபத்திலும் பழக்கம் விடவில்லை. மடிக்கப் பிடிப்பதற்காகக் கவிநிலா அதன் மறு முனையை எடுத்தாள்.

"அதை வுடு, நான் மடிச்சிக்கிறேன்." பொன்னி பதறிப்போய் இழுத்தாள்.

அதற்குள் கவிநிலா பார்த்துவிட்டாள். முந்தானை ஓரம் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து எடுத்திருந்தது. மிச்சமிருந்த துணியில் வரிசையாக எலி கடித்த பொத்தல்கள். ஒவ்வொன்றிலும் பச்சை நூல்.

கவிநிலா ஒரு தையலை விரலால் தடவினாள். "அண்ணி... மரத்துல இருந்த அந்தத் துணி உங்களுதா?"

பொன்னி படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பிள்ளை வேணும்னு தொட்டில் கட்டினேன் கவி. உங்க அண்ணனுக்குக்கூடச் சொல்லல. மஞ்ச நூல் இல்லைனு பச்சையில தெச்சது. பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு."

"அங்கயே என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே!"

"பரிசு வாங்குற நேரத்துல உன் முகம் வாடலாமா? அழுதுடுவேனோனு பயந்துதான் வெளிய வந்துட்டேன்."

"அம்மா உங்களை அவ்வளவு பேசினாங்களே, ஆட்டோவுலயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா உன்னைச் சும்மா வுடுவாங்களா? வயித்தெரிச்சல்னே நெனச்சிக்கட்டும். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

கவிநிலா அந்தப் புடவையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். யாரோ கட்டினது என்றுதானே நினைத்தாள்! யாரோவாகவே இருந்திருந்தாலும் அவிழ்க்க இந்தக் கைக்கு எப்படி மனசு வந்தது?

"இப்பவே போய்ப் படத்துலருந்து பிச்சுக் கொண்டாந்து தரேன் அண்ணி. பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"துணி போனா போவுது, நீ கஷ்டப்பட்டுப் பண்ணது, இருக்கட்டும்." பொன்னி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உள்ள ஒரு கல்லு இருந்துச்சே, அத எந்தப் பக்கம் போட்ட? காலைல வந்து காட்டுறியா? பிள்ளையா நெனச்சுப் படுக்க வச்சேன் கவி."