பச்சையாக எரிந்த பட்டை

நோயாளியைத் தூக்கும்போது முதுகில் டிஸ்க் விலகிய நர்ஸ் ஜெபசீலி, இழப்பீட்டு விசாரணைக்கு வந்திருந்தாள். மணிக்கட்டிலுள்ள, வலியை அளக்கும் பட்டை அதிகாரியின் முன் சிவப்பாக எரிந்தால்தான் வலி உண்டென்று ஏற்பார்கள். வேலை போய்த் தனியாக வீட்டில் கிடந்த நாள் முதல் அது சிவப்பிலிருந்து மாறியதே இல்லை.

அதிகாரி விடாமல் இருமினார்.

“எத்தனை நாளா சார் இப்படி?” பழக்கத்தில் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“ஒரு வாரமாம்மா. வீட்ல யாரும் கேக்கல.”

“சுடுதண்ணி குடிக்கச் சொன்னா காபியாத்தான் குடிப்பீங்க!”

இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவர் பட்டையைப் பார்த்தார்.

“பச்சையா இருக்கேம்மா. நான் என்ன செய்ய?”

மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். விளக்குப் போடாத அறை மெல்லச் சிவந்தது.