நொட்டைக்காரி

"அழுது ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா!" மேனேஜர் கத்திய கத்தலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது.

தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தவள், தண்ணீர் தெறித்து ஈரமான முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு 'நொட்டைக்காரி' என்று பெயர். அவள் ஓட்டிய சோதனை மிஷின் வாங்கிக்கொடுத்த பட்டம் அது. அடித்து முடித்த சாமானை மிஷின் தானே தூக்கித் தண்ணீரில் முக்கும். காதுக்கு எட்டாத ஒலியை அதற்குள் அனுப்பும். உள்ளே விரிசல் இருந்தால் எதிரொலி காட்டிக்கொடுத்துவிடும், சிவப்பு விளக்கு எரியும். வெளியே எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அதனிடம் பருப்பு வேகாது.

மேனேஜருக்கு 'அனுப்பு' என்று பெயர். சரக்கு சூடாக இருந்தாலும், கோணலாக இருந்தாலும், "அனுப்பு, அனுப்பு" என்பார். தகுதி, முதலாளியின் மச்சான்.

அன்றைக்குச் சோதித்தது பஸ்ஸின் முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சுகள்.

"இருநூறுல நாப்பத்தொண்ணு சிவப்பா? மிஷினுக்கு என்ன, கண்வலியா?"

"அதுக்குக் கண்ணே இல்ல சார், காதுதான். சூடு ஆறினப்புறம் அடிச்சிருக்காங்க. உள்ள மடிஞ்சு விரிசல் விட்டிருக்கு."

"மயிரிழை விரிசல்! என் வீட்டுச் சுவத்துல விரலே நுழையுது. வீடு என்ன விழுந்தா போச்சு?"

"வீடு எண்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடாதே சார்."

பின்னால், மிஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் இருமினார். இருமல் சிரிப்பு மாதிரி இருந்தது. மேனேஜர் திரும்பியதும், ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை வெகு சிரத்தையாக மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் அவள் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. வாங்குற கம்பெனியிலயும் இதே மிஷினை இறக்கிட்டானுங்க. தொட்டியில இன்னும் தண்ணிகூட விடல. அதுக்குள்ள இந்த லோடு உள்ள போயிடணும். எல்லாம் பச்சைன்னு கையெழுத்துப் போடு."

"அந்த பஸ்ல யாரு ஏறப்போறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போட மாட்டேன் சார்."

"அப்ப வேலையை விட்டுக் கிளம்பு!"

அவள் தலை கவிழ்ந்தது. மெல்லிய குரலில் கேட்டாள். "சார்... நானா விட்டாலும் நீங்க நிறுத்துனாலும் மூணு மாச நோட்டீஸ்னு வேலை ஆர்டர்ல போட்டிருக்கே?"

மேனேஜருக்கு வயிறு குளிர்ந்தது. ஆறு வருஷமாக வளையாத கழுத்து இப்போதுதான் வளைகிறது.

"மூணு மாசமா? மூணு நிமிஷம்கூட நீ இங்க நிக்கக் கூடாது!"

"அப்ப அதை எழுதிக் குடுத்துடுங்க சார். வாய்ப்பேச்சா சொன்னா வெளிய யாரும் நம்ப மாட்டாங்க."

மேனேஜர் அங்கேயே மேசை முன் உட்கார்ந்து, 'இன்றே வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்' என்று தன் கைப்பட எழுதினார். சந்தோஷத்தில் கம்பெனி முத்திரையை இரண்டு முறை குத்தினார். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். பிட்டர்தான் வாசல்வரை கூடவே போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"மிஷின் காதுல கொஞ்சம் பஞ்சு வைப்பா," என்றார் மேனேஜர்.

"சார், அது..."

"நீயும் எழுதி வாங்கிக்கிறியா?"

பிட்டருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். எதிரொலியைக் கேட்கும் திறனைத் திருகிக் குறைத்தார். அச்சுகளை மறுபடி ஓட்டியபோது ஒன்றுவிடாமல் பச்சை எரிந்தது. நாற்பத்தொரு நோயாளிகள் மருந்தே இல்லாமல் குணமாகி லாரி ஏறினார்கள்.

பத்தாம் நாள் காலையில் முதலாளி கூப்பிட்டார்.

"மச்சான், லோடு மொத்தத்தையும் வாங்குற கம்பெனியில நிறுத்தி வெச்சுட்டாங்க. நாப்பத்தொண்ணு ரிஜெக்டாம். நேர்ல போய்ப் பேசு. இந்த ஆர்டர் போச்சுன்னா, நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லிக்கோ."

அக்காவை நினைத்ததும் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. காரில் போகும்போதே வசனத்தை ஒத்திகை பார்த்தார். புது மிஷின், ஓட்டத் தெரியாத ஆள், பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பான். அரட்டிப் பேசினால் ஆடிப்போய்விடுவான்.

சோதனை அறைக்கு வழிகாட்டிவிட்டுக் காவலாளி ஒதுங்கிக்கொண்டார். உள்ளே தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சுவரோரம் நாற்பத்தொரு அச்சுகள், ஒவ்வொன்றிலும் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம். யாரோ வாசலுக்கு முதுகைக் காட்டியபடி திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஏம்ப்பா, இந்த மிஷினை ஓட்ட ஒரு அனுபவம் வேணும். எங்க கம்பெனியில ஆறு வருஷமா ஓட்டுறோம், தெரியுமா?"

சுழல் நாற்காலி நிதானமாகத் திரும்பியது.

"இந்த வேலைக்கு ஆர்டர் கையில வந்து ஒரு மாசம் ஆச்சு சார்," என்றாள் நொட்டைக்காரி. "நீங்க எப்ப துரத்துவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்!"