மீன் கழுவிய தண்ணீர்

கிளாராவின் இதய வால்வில் குடியேறியிருந்தது மீனில் வாழும் கிருமி. மனிதருக்கு அது வருவதே அபூர்வம். தூத்துக்குடி மீன் சந்தையில் வெட்டு வேலை பார்க்கும்போது விரலில் குத்திய முள் வழியாக உள்ளே போயிருந்தது. எந்த மருந்துக்கும் மசியவில்லை.

"மீன் கழுவுற தண்ணி எங்க போய்த் தேங்குது?" என்று கேட்டார் டாக்டர் நஸீமா.

"அந்த நாத்தக் குழியிலதான். மூடச் சொல்லி எத்தன வருசமா சண்ட போடுறேன்!" என்றாள் கிளாரா.

"இந்தக் கிருமி இருக்கிற இடத்துலதான் அதை மட்டும் தின்கிற வைரஸும் இருக்கும்."

கணவர் சூசை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குடம் மொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக் கருவி அதிலிருந்த வைரஸைப் பிரித்து, வளர்த்து, மறுநாளே அவள் நரம்பில் ஏற்றியது. காய்ச்சல் விட்டது. வால்வு தப்பியது.

கிளாரா வேலைக்குத் திரும்பிய அன்று, குழியருகே மாநகராட்சி ரோபோ ஒன்று சிமெண்ட் கலந்துகொண்டிருந்தது.

"ஒன் சண்டைக்கு ஒருவழியா பலன் கெடச்சிட்டு, அக்கா!" என்றாள் பக்கத்துக் கடை ரெஜினா.

கிளாரா ஓடிப்போய் ரோபோவை மறித்தாள். "இத மூடிட்டா, நாளைக்கு இவளுக்கு முள்ளு குத்துனா மருந்துக்கு எங்கலே போவ?"

ரோபோ நின்றது. குழி வழக்கம்போல் நாறியது. கிளாரா, கோயில் வாசலில் கழற்றுவதுபோல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.