மகளிர் பேருந்தில் ஒரு சாட்சி

கௌசிகா ஏறியபோது மகளிர் பேருந்தின் கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கல்லூரித் தோழிகளுக்கு நடுவில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டாள். பின்னாலேயே அவள் அம்மா வேலுத்தாய் படியில் கால் வைத்ததும் விளக்கு சிவப்பானது. "கர்ப்பப்பை இல்லை. சட்டப்படி பெண் அல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கதவு அறிவித்தது.

நடத்துநர் பெண் வந்தாள். "கர்ப்பப்பை எடுத்திருக்கீங்களாக்கா?"

"ஆமா தாயி. போன வருசம் ஆபரேசன்."

யாரோ சிரித்தார்கள். "இறங்கச் சொல்லுங்க, நேரமாகுது" என்றாள் ஒருத்தி.

நடத்துநர் குரலைத் தணித்தாள். "பெத்த பிள்ளை கூட இருந்து, எங்கம்மாதான்னு சொன்னாப் போதும்க்கா. சட்டத்துல அதுக்கு இடமிருக்கு. யாரும் வந்திருக்காங்களா?"

வேலுத்தாய் மகளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தோழிகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துவிடலாம் என்றுதான் கௌசிகா நினைத்தாள். ஆனால் முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"யாரும் வரல தாயி" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் இறங்கினாள்.

பேருந்து நகர்ந்தது. கீழே நின்றவள், யார் வீட்டுப் பிள்ளையிடமோ பேசுவதுபோல ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "கைய உள்ள வச்சுக்க பாப்பா. பஸ்ஸு கிளம்பிருச்சு."

கௌசிகா கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"யாருடி அந்தப் பொம்பள?" என்று கேட்டாள் தோழி.