மீனுக்காகத் தங்கியவர்

"பாசிச் செடியைத் தொடாதீங்க மாப்பிள்ளை, வேர் ஆடிடும். தண்ணியை மட்டும் மொண்டு ஊத்துங்க" என்றார் ராஜநாயகம்.

வில்லியம் சொம்பை மீன் தொட்டிக்குள் வெடுக்கென்று விட்டான். அவ்வளவு கோபம்.

சாந்தோமில் அந்தத் தெருவில் இந்த ஒரு வீட்டைத் தவிர எல்லா வாசலிலும் பூட்டுத் தொங்கியது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த சித்திரை மாதம். மனைவி அல்போன்சாவிடம், அவள் அப்பா அம்மாவைக் கையோடு அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திருச்சியிலிருந்து வந்திருந்தான் அவன். அத்தை மாசக்கணக்காகப் படுக்கையில் இருக்கிறாள் என்று ஜட்காவில் மெத்தைகூடப் போட்டு வைத்தாகிவிட்டது.

ஜட்கா வாசலில் காத்திருக்கும். எழும்பூரில் ரயில் காத்திருக்காது.

மாமனாரோ, மீன் தொட்டியை விட்டு வரமாட்டேன் என்கிறார். கடலைப் பார்த்த கூடத்து ஜன்னலோரம் இருந்தால் முதல் அதிர்விலேயே கண்ணாடி போய்விடுமாம். உள்ளறைக்கு மாற்ற வேண்டுமாம்.

தூக்கிவிட வந்த ஜட்காக்கார ஹனீஃபாவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னா சார் நீ! அவனவன் பெத்த புள்ளயத் தூக்கிக்கினு ஊரவுட்டு ஓடறான். நீ மீனத் தூக்கிக்கினு ஊட்டுக்குள்ளயே போறியே!"

ராஜநாயகம் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த மனிதர். குண்டே விழுந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்வார். மீன்களை முதலில் பழைய தண்ணீரோடு மண்பானைக்கு மாற்றினார். மீதித் தண்ணீரையும் கொட்டவிடாமல் வாளிகளில் சேர்த்தார். பழகின தண்ணீராம், அது இல்லாவிட்டால் பாசி வாடிவிடுமாம். மணல் மூழ்கும் அளவுக்கு மட்டும் தொட்டியில் நிறுத்தி, துவண்டு விழுந்த பாசியின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினார். அடியில் பலகையைச் செருகினார்.

வில்லியம் வெடித்தான்.

"இந்தப் பாசிகிட்டக் காட்டற அக்கறையில கால்வாசி அத்தைகிட்டக் காட்டக் கூடாதா, மாமா?"

ராஜநாயகத்தின் கை நின்றது. ஹனீஃபா வாளியோடு உள்ளே போகட்டும் என்று காத்திருந்தார்.

"அத்தைக்கு இருதயம் ரொம்பப் பலவீனமாயிடுச்சு. தூக்கி ரயில்ல ஏத்தினா உசிரு செங்கல்பட்டு தாண்டாதுன்னுட்டார் டாக்டர்."

சரியாகவே இருந்த ஈரத்துணியை மறுபடி இழுத்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியாது. மீனுக்காகத்தான் தங்கறோம்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க. அவ முன்னால என்னை நல்லாத் திட்டுங்க."

மூன்று பேருமாகப் பலகையோடு தூக்கினார்கள். இப்போது வில்லியம் அடிமேல் அடி வைத்தான். நிலைப்படியில் தொட்டி லேசாகச் சாய்ந்தபோது சட்டென்று தன் பக்கத்தை உயர்த்திப் பிடித்தான்.

உள்ளறையில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழுந்த இடத்தில், மர்சலின் அம்மாளின் கட்டிலுக்கு எதிரே, மேஜைமேல் இறக்கி வைத்தார்கள். கையை ஊன்றி எழக்கூட முடியாதவள், தலையணையில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஹனீஃபா குதிரையைப் பார்க்க வெளியே போனான்.

ராஜநாயகம் மணல்மேல் ஒரு தட்டை வைத்து, வாளித் தண்ணீரை அதன்மேல் மெல்ல ஊற்றினார். மணல் கலையவில்லை. துவண்டு கிடந்த பாசி ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்து எழுந்தது.

வில்லியம் அத்தைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டான்.

"ஒரு மீன் தொட்டிக்காக ரெண்டு பேர் உசிரைப் பணயம் வைக்கறீங்களே மாமா! இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. இருமி மறைத்தான்.

"திட்டுங்க, திட்டுங்க. மீனுக்குக் காது கேக்காது" என்றபடி, மீன் பானையை எடுத்து வரக் கூடத்துக்குப் போனார் ராஜநாயகம். போகிற போக்கில், நன்றாகச் செய்தீர்கள் என்பதுபோல் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

மர்சலின் அம்மாள் விரலை அசைத்து அவனைக் கூப்பிட்டாள். குனிந்தான்.

அவள் கண் தொட்டியில் இல்லை. கூடத்துக் கதவில் இருந்தது.

"போதாது மாப்பிள்ளை. இன்னும் பலமாத் திட்டுங்க. ரோஷம் வந்து அவராவது உங்களோட கிளம்பட்டும்."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்.

"மீனை நான் பாத்துக்கறேன்."