இடது பக்கம்

மொழிபெயர்க்க வந்திருந்த மெர்லின் சீட்டில் எழுதிக் கொடுத்த ஸ்பானிஷ் வார்த்தையைச் செண்பகவல்லி திருப்பிக் கொடுத்துவிட்டாள். புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அது.

"தம்பியப் பாத்து, உங்களச் சந்திச்சதுல மகிழ்ச்சின்னு எவளாவது சொல்லுவாளா?"

"போகும்போது அவருக்கு ஒன்றரை வயசுக்கா. அவருக்கு இதுதான் முதல் சந்திப்பு. உங்களத் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா. ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குறவங்க உரிமையாச் சொல்லிக்கிடுவாங்கள்ல, அதச் சொல்லிக் குடு."

குவாந்தோ தியெம்போ. எவ்வளவு நாளாச்சு! கோவில்பட்டியிலிருந்து மதுரை வரும்வரை பஸ்ஸில் அதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தாள். ஏழு வயதில், காப்பகத்தில் அவனைச் சுமந்து சுமந்து அவளுடைய இடது இடுப்பு இன்றைக்கும் சற்றுத் தூக்கியே நிற்கும். ஸ்பெயின் தம்பதி அந்த இடுப்பிலிருந்துதான் அவனை வாங்கிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷம்.

விமான நிலைய வாசலில் அவன் வந்தான். ஆறடி உயரம்; இப்போது பெயர் ஆந்த்ரேஸ். எதிரே நின்று, குலுக்குவதற்குக் கையை நீட்டினான்.

"குவாந்தோ தியெம்போடா!"

வாடகைக் கார் ஓட்டுநர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் பையைத் தரையில் போட்டுவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, அந்த உயரத்தையெல்லாம் மடக்கிக் குனிந்து அவள் தோளில் கன்னத்தை வைத்தான்.

செண்பகவல்லி இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மெர்லினைப் பார்த்தாள்.

"இவனுக்கு யாரத் தெரியாதுன்ன?"